உள்ளதைச் சொல்லும் மிஸ்ஸி

ஊசி போடும்போது மிஸ்ஸி "நோகாது" என்று சொல்லமாட்டார். "நோகும். பத்து எண்ணு, முடிஞ்சிடும்" என்பார். எண்ணத் தெரியாத பிள்ளைகளுக்கு அவரே எண்ணுவார். எட்டிலேயே ஊசி வெளியே வந்துவிட்டாலும் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் கையை விடுவார்.

இலங்கை சுதந்திரம் அடைந்த அடுத்த வருடம் அவர் பசறைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். எல்லா நர்ஸ்மாரையும் போல அவரையும் மிஸ்ஸி என்றே கூப்பிட்டோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பம் அந்தப் பெயருக்குச் செய்த காரியத்தை நினைத்தால் அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

நல்ல உயரம். நடக்கும்போது தலை சற்று முன்னால் நீண்டிருக்கும். சட்டை நெஞ்சில் ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். மழைக்காலத்தில் தோட்டத்தை நடத்தும் துரைமார் போடுகிற ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவார். கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தால் நின்றுகொண்டு சொல்லமாட்டார். கேட்கிறவர் தரையில் இருந்தால் தானும் தரையில் குந்துவார். "உள்ளதைச் சொல்லட்டோ?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் எழுந்து போய்விடுவார். சொல்லுங்க என்றால் சொல்லிவிடுவார்.

அதற்கு முன்பு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் உள்ளதைச் சொன்னதில்லை. சாகக் கிடக்கிறவனிடமும் நாளைக்கு எழும்பிடுவ என்றுதான் சொல்வார்கள். சனங்களும் அதைக் கேட்கத்தான் அங்கே போனார்கள். செல்லாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. பதுளையிலிருந்து மருந்து வர மூன்று மணி நேரம் ஆகும். பிள்ளை பிழைக்குமா என்று செல்லாயி கேட்டாள். அவ்வளவு நேரம் தாங்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரு என்று மிஸ்ஸி சொன்னார். மருந்து வருவதற்கு முன்பே, பட்டப்பகலில், பிள்ளை அந்த மடியிலேயே போய்விட்டது.

மிஸ்ஸியின் வாய் விழுந்துதான் பிள்ளை செத்தது என்று லயத்தில் பேச்சு எழுந்தது. பெரிய கங்காணி துரையிடம் போய் முறையிட்டார். சில மாதங்கள் பெண்கள் பிரசவத்துக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார்கள். மிஸ்ஸி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பிள்ளை செத்த பதினாறாம் நாள் செல்லாயியின் வீட்டு வாசலில் போய் நின்றார் என்றும், செல்லாயி கதவைத் திறக்கவில்லை என்றும், அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அடுத்தது எங்கள் வீடு.

என் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிறவர். கோயில் காரியங்களுக்கும் அவர்தான் முன்நிற்பார். நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. பதுளைக்குக் கொண்டுபோய் ஒருமுறை அறுத்துப் பார்த்து, அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். சரியாகிவிடும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். மிஸ்ஸி புண்ணுக்குக் கட்டு மாற்ற வீட்டுக்கு வருவார். ஒரு நாள் அப்பா வேலைக்கு மலைக்குப் போயிருந்த நேரம், அம்மா மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தைப்பொங்கல் பாப்பனா மிஸ்ஸி?"

மிஸ்ஸி கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார். சொல்லட்டோ என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள்.

"பொங்கல் பாப்பியள் அம்மா. சித்திரைக்கு என்னால சொல்ல ஏலாது."

நான் அடுத்த அறையில் இருந்தேன். ஓடி வந்தபோது அம்மா அழவில்லை. மேலே கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு விரல்களில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

மிஸ்ஸியை வாசலில் மறித்தேன். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் பின்வாங்கவில்லை.

"உங்கட அம்மா கேட்டவ. நான் அவவுக்குப் பதில் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

அந்த நான்கு மாதத்தில் அம்மா செய்த வேலை கொஞ்சமில்லை. திருச்சியில் இருந்த தன் தம்பிக்குக் கடிதம் எழுத வைத்து, என் தங்கைக்கு அவர் மகனையே பேசி முடித்தாள். லயத்தில் யார் யாரிடமோ வாங்கியிருந்த சுளகு, உலக்கை, பித்தளைச் செம்பு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். எனக்குச் சோறு வடிக்கவும் குழம்பு கூட்டவும் கற்றுக்கொடுத்தாள். பொங்கல் பார்த்தாள். பங்குனியில் போனாள். நேரம் தெரிந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு எப்போதுமே புரியவில்லை. அவளுடைய தைரியத்தை அந்தப் பொம்பளை எடுத்துவிட்டாள் என்பதுதான் அவர் பேச்சு. செல்லாயியின் கதையும் அவர் கோபமும் சேர்ந்துகொண்டன. மறுபடியும் துரையிடம் மனு போனது. இந்தத் தடவை அப்பாவின் கையெழுத்து முதலாவதாக இருந்தது. மிஸ்ஸி ஒரு தகரப் பெட்டியோடு தோட்டத்து லொறியில் ஏறிப் போனார்.

விமானக் கம்பெனிகள் நர்ஸ் படிப்புப் படித்த பெண்களைத் தேடி எடுப்பதாகவும், நமது மிஸ்ஸி அதில் சேர்ந்துவிட்டதாகவும் பிறகு கம்பவுண்டர் வந்து சொன்னார். மேலே பறக்கிற சனங்களிடம் என்ன சொல்லப்போகிறாளோ என்று அப்பா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு வருடம் கழித்து அந்த விமானத்தில் நாங்களே ஏறினோம்.

தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்ப்பதற்காக நானும் அப்பாவும் திருச்சிக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அங்கே ஒரு வெண்கல மணி வார்க்கச் சொல்லியிருந்தார்கள். நானூறு குடும்பங்கள் சேர்ந்து செய்கிற காரியம். செல்லாயிகூடத் தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்திருந்தாள், உலோகத்தோடு சேர்த்து உருக்கும்படி. மணி ஐம்பது ராத்தலுக்கு மேல் இருந்தது. திருவிழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது, கப்பலில் இடம் கிடைக்கவில்லை. தங்கை புருஷன்தான் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தான்.

மணியைச் சாமான் அறையில் போட அப்பா சம்மதிக்கவில்லை. சாக்கில் சுற்றிக் கயிறு போட்டு, தன் கால்களுக்கு நடுவிலேயே வைத்துக்கொள்வேன் என்றார். அதற்காக விமான வாசலில் ஒரு சிப்பந்தியோடு தகராறு. தகராறைத் தீர்க்க உள்ளேயிருந்து வந்த பெண்ணைப் பார்த்ததும் அப்பா வாயை மூடிக்கொண்டார். கம்பெனிச் சீருடையில் மிஸ்ஸி. அவரும் எங்களைத் தெரிந்துகொண்டார். பிறகு மணியை அவரோடேயே விடும்படி அந்தச் சிப்பந்தியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு எஞ்சின் விமானம். இருபதுக்கும் குறைவான பயணிகள். கடலுக்கு மேலே வந்து கொஞ்ச நேரத்தில் வலப்பக்க இறக்கையில் கறுப்பாக எண்ணெய் வழிவதைக் கண்டேன். முதலில் நூல் மாதிரி. பிறகு உள்ளங்கை அகலத்துக்கு. எஞ்சின் இரண்டு மூன்று தடவை உதறியது. இருக்கைகள் கிடுகிடுத்தன. அதன் இரைச்சல் நின்றது. ஆனால் முன்னால் இருந்த விசிறி நிற்கவில்லை. காற்றில் தானாகச் சுழன்றுகொண்டேயிருந்தது.

மிஸ்ஸி விமானிகளின் அறைக்குள் போனார். கதவு மூடியிருந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தக் கதவையே பார்த்தோம். அவர் வெளியே வந்து, இருக்கைகளுக்கு நடுவிலிருந்த வழியில் குந்தினார்.

"உள்ளதைச் சொல்லட்டோ?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னார். வலது எஞ்சினில் எண்ணெய் இல்லை, அதை நிறுத்திவிட்டார்கள். நின்ற எஞ்சினின் விசிறி இலைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்ப வேண்டும், திருப்பும் பொறி வேலை செய்யவில்லை. அதனால் அந்த விசிறி விமானத்தைப் பின்னால் இழுக்கிறது. ஓர் எஞ்சின் இந்தப் பாரத்தைத் தூக்கமாட்டாது. நாம் இறங்கிக்கொண்டிருக்கிறோம். பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டதால் திரும்பவும் முடியாது. பாரத்தைக் குறைக்க வேண்டும். முதலில் மிதக்கும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காட்டித் தருகிறேன். பிறகு சாமான்களைக் கடலில் போடப்போகிறோம்.

கம்பியில்லாத் தந்தி அடிக்கிற இளைஞன் முன்னாலிருந்து வந்து, இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு, பின்பக்கக் கதவை உள்பக்கமாக இழுத்துக் கழற்றினான். காற்று காதை அடைத்தது. கம்பெனியின் சாமான்கள் முதலில் போயின. தபால் மூட்டைகள், உணவுப் பெட்டி, கருவிப் பெட்டி. பிறகு பயணிகளின் முறை.

அங்கேதான் தடைப்பட்டது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு ஜவுளி வியாபாரி, பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருந்தவர். சாமான் அறையில் பாதி அவருடைய சேலைக் கட்டுகள். அவர் எழுந்து, வழியை மறித்துக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"காலுக்குள்ள மணிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரே, அவரு மொதல்ல போடட்டும். அப்பறம் நான் போடுறேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சாக்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். இது என் பொருள் இல்லை, தர எனக்கு உரிமை இல்லை என்றார். நான் அவர் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டார். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. முதலில் பார்த்தபோது வெறும் நீலமாக இருந்தது இப்போது அலை அலையாகத் தெரிந்தது. ஒரு மீன்பிடி வள்ளத்தின் பாயில் இருந்த ஒட்டுகூடத் தெரிந்தது.

மிஸ்ஸி வந்து அப்பாவுக்கு முன்னால் குந்தினார். அவருடைய தலைமுடி காற்றில் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அப்பாதான் முதலில் பேசினார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எங்க வீட்டுலயே பாத்தாச்சு. இதப் போட்டா கரை சேருவமா? அத மட்டும் சொல்லுங்க."

மிஸ்ஸி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சேருவம், ஐயா."

அப்பா எழுந்தார். மணியை வேறு யாரும் தொட விடவில்லை. குனிந்து சாக்கோடு இழுத்துக்கொண்டு கதவுவரை போனார். காலால் தள்ள அவருக்கு மனம் வரவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் தள்ளினார். மிஸ்ஸி ஒரு கையால் இருக்கைக் காலையும், மறு கையால் அப்பாவின் கோட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். மணி போன பிறகும் அப்பா அப்படியே மண்டியிட்டு இருந்தார். கோட்டைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். ஜவுளிக்காரர் தன் கட்டுகளைத் தானே தூக்கிக் கொடுக்கத் தொடங்கினார்.

கடைசியில் காலி இருக்கைகளையும் கழற்றிப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கரை தெரிந்தது. பனைகள் எங்களுக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருந்தன. சக்கரம் தரையில் பட்டபோது ஒரு டயர் வெடித்து, விமானம் புல்லுக்குள் ஓடி, சரிந்து நின்றது. யாருக்கும் பெரிய காயமில்லை. மிஸ்ஸி கீழே நின்று ஒவ்வொருவர் தலையாக எண்ணினார். எங்களை எண்ணும்போது அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி என்று ஒரு சொல் சொல்லாமல் நடந்தார். நான் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குப் பின்னால் நானும் நடந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பசறை பஸ்ஸில் வந்து தோட்டத்து முச்சந்தியில் இறங்கினோம். மணியை வரவேற்க மேளக்காரர்கள் நின்றார்கள். பெண்கள் தட்டுகளோடு நின்றார்கள், செல்லாயியும் நின்றாள். வெறுங்கையோடு இறங்கிய அப்பாவிடம் மணி எங்கே என்று கங்காணி கேட்டார்.

விமானத்தில் நடந்ததை அப்பா சொல்லத் தொடங்கினார். எஞ்சின் நின்றது, பாரம் குறைக்கச் சொன்னது எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு செல்லாயியின் முகத்தைப் பார்த்தார்.

"நான் குடுக்கல. அந்த மிஸ்ஸி எங் கையிலருந்து புடுங்கிப் போட்டுட்டா."

சனங்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. அன்றைக்கு அந்த முச்சந்தியில் மிஸ்ஸிக்குக் கிடைத்த சாபங்களை நான் முழுக்கக் கேட்டேன்.

அறுபதாம் ஆண்டுக்குப் பிறகு நான் பதுளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனில் மிஸ்ஸியைக் கண்டேன். ஹாலிஎலயில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தார். சாதாரணச் சேலை. முன்நெற்றியில் நரை. விமானக் கம்பெனியை விட்டு வெகு நாளாகிவிட்டதாம். ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் வேலை மட்டும் செய்வதாகச் சொன்னார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தோட்டத்தில்தான் இருக்கிறார், வேலையை விட்டுவிட்டார் என்றேன். பார்க்கலாமா என்று கேட்டார். எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. முச்சந்தியில் அப்பா சொன்னதையும் நான் பேசாமல் நின்றதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவர் என்னில பழி போட்டதில பிழையில்லை. அண்டைக்கு நான் அவருக்குப் பொய் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். விமானி அவரிடம் சொன்னது வேறு. எல்லாவற்றையும் போட்டாலும் கரை சேருவது சந்தேகம், போடாவிட்டால் நிச்சயமாகச் சேரமாட்டோம். அதுதான் விமானி சொன்னது. அப்பா அப்படிக் கேட்டபோது தெரியாது என்றுதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் அப்பா மணியை விடமாட்டார். அப்பா விடாவிட்டால் ஜவுளிக்காரர் விடமாட்டார்.

"நான் பொய் சொல்ல மாட்டன் எண்டு அவர் நம்பினபடியால்தான் அந்தப் பொய் எடுபட்டது. வேற ஆர் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்."

உயிரைக் காப்பாற்றிய பொய்தானே என்றேன். அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு யாராவது கையைப் பிடித்துக் கேட்டால், சொல்ல வாயெடுக்கும்போது இது உண்மையா, இல்லை அவர் கேட்க விரும்புகிறதா என்று தனக்கே சந்தேகம் வருகிறதாம். அதனால்தான் நோயாளியோடு பேசத் தேவையில்லாத வேலையாக எடுத்துக்கொண்டாராம். பிறகு, நான் கேட்காமலே, என் அம்மாவுக்குச் சொன்னது உண்மை என்று சொன்னார். தோட்டத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, நான் வந்தால் அவருக்குக் கஷ்டம் என்றார். ரயில் வந்தது, ஏறிப்போனார்.

அன்று பின்னேரமே பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா அடுப்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தேநீர்ப் பேணியைக் கீழே வைத்தார்.

"அந்தம்மாவுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். பொழச்சிருவோம்னு தெரிஞ்சுதான் அவ்வளவு தைரியமா நிக்குதுன்னு நெனச்சேன். தெரியாமலா என் கோட்டப் புடிச்சிக்கிட்டு அந்தக் கதவுகிட்ட நின்னுச்சு?"

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து திருநீறு கொடுக்கும் நேரத்தில், சனங்கள் கலைவதற்கு முன்னால், அப்பா எழுந்து நின்றார். மணியைத் தள்ளியது நான்தான், என் ரெண்டு கையாலயும் தள்ளினேன், அந்தம்மா புடுங்கல என்றார். அவள் என்னை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னார். நானும் எழுந்து, எனக்கு அது அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போது செல்லாயியைத்தான் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.